விவாகரத்து மனுவுக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு

அம்மா வீட்டு பீரோவில் என் கல்யாணப் பத்திரிகையைத் தேடிய சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது. பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனை ஏறிப்போய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியபடி மூன்று பத்திரிகைகள் கிடந்தன. "எதுக்குடி இப்ப அது?" என்று அம்மா வாசற்படியிலிருந்தே கேட்டாள். "வக்கீல் கேட்டிருக்காங்கம்மா" என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து, நான் கலைத்துப் போட்ட புடவைகளை ஒவ்வொன்றாக மறுபடி மடித்து வைத்தாள். மூன்றில் மஞ்சள் கறை குறைவாக இருந்த பத்திரிகையை அவளே எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அது 2016 மார்கழி. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஏழெட்டுப் பெண்களும் இரண்டு ஆண்களும் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று. பிரியலாமா வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை. அதை அவரவர் தனியாக அழுது தீர்மானித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி உதை நடக்கிற வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், விவாகரத்து மனு அப்புறம். முதலில் உயிர். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அந்த மனுவின் முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அங்கே குடியிருந்த உங்களைச் சட்ட வழியில் அல்லாமல் வெளியே தள்ள முடியாது. இதற்கெல்லாம் விவாகரத்து கேட்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

என் கதை அந்த மாதிரி இல்லை. என்னை என் கணவர் அடித்ததில்லை. அதனாலேயே, என்ன நடந்தது என்று வெளியில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

ஓசூரிலிருந்து மகளோடு அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, பெரியப்பா இரண்டு தரப்புப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். ஒன்றும் ஆகவில்லை. "கோர்ட்டு கேசுன்னு எதுக்கும்மா அலையணும், பத்திரத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ பேர் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள். முத்திரைத்தாள், நாலு சாட்சி, நோட்டரி முத்திரை. ஆனால் அந்தக் காகிதம் கல்யாணத்தை முறிக்காது. சாதி வழக்கப்படி தீர்த்து விடுகிற பழக்கம் நெடுங்காலமாக இருந்தது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதை ஏற்கிறது. அப்படி நிரூபிப்பது லேசில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பத்திரம் எழுதிய பிறகும் கல்யாணம் அப்படியேதான் இருக்கிறது. அதை நம்பி மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. முதல் கல்யாணம் இருக்கையில் இன்னொன்று செய்த குற்றத்துக்கு வழக்கும் வரலாம். அம்மா தெருவில் ஓர் அக்கா அந்த மாதிரிப் பத்திரத்தை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். முதல் கணவர் இறந்து பென்ஷன் பேச்சு வந்தபோதுதான், தான் அதுவரை யாருடைய மனைவியாகச் சட்டத்தில் இருந்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

அதே மாதிரி, மாதா கோவில் தரப்பில் கல்யாணத்தை ரத்து செய்து கொடுக்கும் தாள் கிறிஸ்தவர்களுக்குச் சட்டப்படி விவாகரத்து ஆகாது. அவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியே கேட்டுப் பிரிகிற குலா முறையில் பிரிகிறவர்களுக்கு ஜமாத்தோ ஷரியத் கவுன்சிலோ சான்றிதழ் தர முடியாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. பதிவுத் திருமணம் என்று 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்துகொண்டவர்களுக்கு அந்தச் சட்டம். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிய சுயமரியாதைக் கல்யாணத்துக்கு விவாகரத்து எப்படி என்று ஒரு பையன் கேட்டான். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால் அதுவும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் வருகிறது, வழியும் அதே வழிதான். இனிமேல் நான் சொல்வது பெரும்பாலும் அந்த 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை வைத்து. எனக்குத் தெரிந்தது அது.

அந்தச் சட்டத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று 13-ஆம் பிரிவு. ஒருவர் மற்றவர் மேல் காரணம் சொல்லிக் கேட்பது. கொடுமை, தொடர்ந்து இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது, வேறொருவரோடு உறவு, மதம் மாறியது, சேர்ந்து வாழ முடியாத அளவு மனநோய், ஏழு வருஷமாக உயிரோடு இருக்கிற தகவலே இல்லாதது என்று போகிறது அந்தப் பட்டியல். 2019 வரை தொழுநோயும் அதில் இருந்தது. அதை எடுத்தது எவ்வளவு நல்ல காரியம். இன்னொரு வாசல் 13-பி. பரஸ்பர சம்மதம். 1976-ல்தான் அது வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு வருஷமாகத் தனித்தனியாக வாழ்கிறோம், இனி முடியாது என்று ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதும் தனித்தனியாக வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே விளக்கியிருக்கிறது. வாடகைக்குத் தனி வீடு எடுக்க வசதி இல்லாதவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா விவாகரத்து ஆயிடுமாமே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தானாக எதுவும் ஆகாது. மனு போட்டு, தீர்ப்பு வாங்கினால்தான் உண்டு. இனி ஒட்டவே ஒட்டாத அளவுக்கு உறவு உடைந்துபோனது என்பது நம் சட்டத்தில் இன்னும் தனிக் காரணமாகச் சேரவில்லை. அந்தக் காரணத்துக்காகத் தன் சிறப்பு அதிகாரத்தில் கல்யாணத்தை முறிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. ஆனால் அதற்காக நேரே டெல்லிக்கு மனு போட முடியாது என்பதையும் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியாமல் மனு போடவும் முடியாது. தாங்க முடியாத கஷ்டம் என்று காட்டி நீதிமன்றத்தின் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இவ்வளவையும் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்.

மாமாவுக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனோம். பேர் போன வக்கீல். எத்தனை பவுன் போட்டீங்க, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், சொத்து யார் பேரில் என்று கேட்டார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஜூனியர் வரைவு மனுவைக் கையில் கொடுத்து, "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார். அந்த அறையில் ஒரு பழைய மேஜை விசிறி திரும்பித் திரும்பிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் இருக்க இடது கையை மேலே வைத்துக்கொண்டு படித்தேன். எட்டாவது பத்திவரை ஊர், பேர், கல்யாணத் தேதி, மகள் பிறந்த தேதி. ஒன்பதாவது பத்தியில், என் கணவரும் மாமியாரும் ஐம்பது பவுன் கூடுதலாகக் கேட்டு என்னை அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று இருந்தது.

என் மாமியார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நான் கிளம்பி வந்த அன்று, பஸ்ஸில் மகள் சாப்பிட என்று இட்லி கட்டிக் கொடுத்தவர்.

"சார், இது நடக்கலையே" என்றேன். வக்கீல் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அப்படி எழுதினாத்தாம்மா கேஸ் நிக்கும். அவங்களும் உங்க மேல என்னென்னமோ எழுதுவாங்க. இதெல்லாம் வழக்கம்தான்." மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், போட்டுவிடு என்கிற மாதிரி. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். ஏனோ அந்த இட்லிப் பொட்டலம் கண் முன்னால் வந்தது. மூடியை மறுபடி போட்டுவிட்டு, ரெண்டு நாள் டைம் குடுங்க சார் என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்காக அவர் ஆஜராகலாம் என்கிற வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது இன்னும் நீதிமன்றத்தில் தாக்கலாகவில்லை. நல்ல வேளை. தாக்கலான பிறகு வக்கீலை மாற்ற வேண்டுமானால் அவரிடமே ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும், அவர் தராவிட்டால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததை அழுத்திச் சொல்ல வேண்டும். மனுவின் கடைசியில், இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று நாம்தான் கையெழுத்துப் போடுகிறோம், வக்கீல் இல்லை. மாதக் கணக்கில் வாய்தா போன பிறகு கூண்டில் ஏறி, எதிர்த் தரப்பு வக்கீல் ஒவ்வொரு வரியாகக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான். எந்தத் தேதி அடித்தார், எந்த அறையில், யார் பார்த்தார்கள், யாரிடம் காட்டினீர்கள். நடக்காத ஒன்றுக்கு இதையெல்லாம் எங்கிருந்து கொண்டு வருவது? அது மட்டும் இல்லை. மனுவிலும் பதில் மனுவிலும் ஆதாரமில்லாமல் வீசுகிற குற்றச்சாட்டே மனக் கொடுமை ஆகிவிடும். பகத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் அப்படித்தான் சொன்னது. அங்கே மனைவி தன் பதில் மனுவில் கணவருக்கு மனநிலை சரியில்லை என்று எழுதியிருந்தார். அந்த எழுத்தையே காரணமாக வைத்துக் கணவருக்கு விவாகரத்து கொடுத்தார்கள். முதல் தாளில் எழுதுகிறது கடைசித் தாள் வரைக்கும் கூடவே வரும்.

உண்மையிலேயே வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால் ஒரு வரி விடாமல் எழுத வேண்டும். அதைச் சும்மா இட்டுக்கட்டி எழுதுகிறவர்களால்தான் நிஜமாக அடிபட்டவளைக்கூட நம்பாமல் பார்க்கிறார்கள்.

இரண்டாவதாகப் போனது ஒரு பெண் வக்கீலிடம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுத்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. சம்பளக்காரி எனக்குக் கிடைக்குமா என்று தயங்கிக்கொண்டே போனேன். தயங்க வேண்டியதே இல்லை. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

அந்த மேடம் என்னை எதுவும் கேட்காமல், "முதல்ல ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க" என்றார். இடது பக்கத்தில் தேதியும் நடந்ததும். வலது பக்கத்தில், அது நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது. கோபம், அழுகை, அபிப்பிராயம் எதுவும் வேண்டாம். "அவர் மோசமானவர்னு எழுதாதீங்க. என்ன செஞ்சார்னு எழுதுங்க."

பதினோரு ராத்திரி எழுதினேன். மகள் தூங்கிய பிறகு, கூடத்தில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு. முதல் இரண்டு நாள் கை ஓடவே இல்லை. அப்புறம் கணக்குப் பேரேடு மாதிரி வர ஆரம்பித்தது. 2014 பிப்ரவரி, என் நெக்லஸும் இரண்டு வளையலும் எனக்குத் தெரியாமல் அடகுக்குப் போனது. வலது பக்கம்: சட்டைப் பையில் கிடைத்த நகைக்கடன் ரசீது. 2015 தீபாவளிக்கு முந்தின ராத்திரி, பணம் பற்றிக் கேட்டதற்கு என்னையும் குழந்தையையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது. வலது பக்கம்: மாடி வீட்டு அக்கா, அன்றைக்கு அவர் வீட்டில்தான் படுத்தோம். என் பேரில் எடுத்த தனிநபர் கடன். வலது பக்கம்: வங்கிக் கணக்கு அறிக்கை. 2016 ஜனவரியிலிருந்து நாலு மாசம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், சாப்பாட்டுத் தட்டைக்கூட மகளிடம் சொல்லி வாங்கிக்கொண்டது. வலது பக்கம் காலியாக இருந்தது. பேசாமல் இருந்ததற்கு என்ன ரசீது இருக்கும்?

மேடம் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் உங்க கேஸ்" என்றார். கொடுமை என்றால் காயம் இருக்க வேண்டும் என்பதில்லை. சமர் கோஷ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் மனக் கொடுமை எப்படியெல்லாம் இருக்கலாம் என்று ஒரு நீண்ட பட்டியலே போட்டு, இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறது. கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே போதும் என்பது 1975-லிருந்து இருக்கிற நிலை. கூண்டில் நின்று நான் சொல்கிற சொல்லும் சாட்சியம்தான். மற்ற பக்கங்களில் நான் எழுதியது உண்மை என்று ரசீது காட்டினால், இந்தப் பக்கத்தையும் நீதிபதி நம்புவார் என்று விளக்கினார்.

இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். போனில் இருக்கிற வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரம் கொடுக்கும்போது அதற்கான சான்றும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் இந்த வழக்குகளில் ஆதாரமாகக் காட்டலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக இன்றைக்கிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு வாழ ஆரம்பிக்காதீர்கள். மனசு கெட்டுப்போகும்.

மற்ற தாள்கள் சுலபம். கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் இருக்கிற போட்டோ, பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழ், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். பத்திரிகையும் போட்டோவும் சாட்சியும் இருந்தால் போதும். நகை என்னென்ன, எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள், கல்யாண ஆல்பத்தில் தெரிகிற நகைகளைப் போனில் படம் பிடித்து வையுங்கள். பெண்ணுக்குப் போட்ட சீதனம் பெண்ணுக்கே சொந்தம். கணவர் வீட்டில் இருந்தால் அது அவர்களிடம் ஒப்படைத்த பொருள் மாதிரிதான் என்று 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது.

எந்த ஊரில் போடுவது என்று எனக்குப் பெரிய கவலை இருந்தது. ஓசூருக்கு மாசா மாசம் எப்படிப் போவேன், மகளை யாரிடம் விடுவேன் என்று. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த் தரப்பு இருக்கிற ஊர் என்று மூன்றும் இருந்த சட்டத்தில், மனைவி மனு போடுவதாக இருந்தால் அவள் இப்போது இருக்கிற ஊரிலும் போடலாம் என்று 2003-ல் சேர்த்தார்கள். அந்த ஒரு வரிக்காக எவ்வளவு பெண்கள் எவ்வளவு பஸ் ஏறாமல் இருந்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். குடும்ப நல நீதிமன்றம் இருக்கிற ஊரில் அங்கே, இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

2017 பிப்ரவரியில் தாக்கல் செய்தோம். தாக்கல் செய்த அன்றே வழக்கு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அலுவலகத்தில் சரிபார்த்து, இது குறைகிறது அது குறைகிறது என்று மனுவைத் திருப்புவார்கள். எனக்கு இரண்டு முறை திரும்பியது. ஒருமுறை மகளின் வயது ஓரிடத்தில் நாலு, இன்னோரிடத்தில் ஐந்து என்று இருந்ததற்காக. சரிசெய்து மறுபடி கொடுத்து, வழக்கு எண் விழுந்த பிறகுதான் நீதிபதி முன் போகும். மனு ரிட்டர்ன் ஆகிவிட்டது என்று கேட்டதும் கேஸே தோற்றுவிட்டது என்று அழுதுகொண்டு போன் செய்தவர்கள் உண்டு. அது சாதாரணம். எண் விழுந்ததும் வழக்குக்கென்று தனியாகத் தருகிற பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் செயலியில் நாமே பார்த்துக்கொள்ளலாம், வக்கீலை நச்சரிக்க வேண்டாம்.

மனுவோடு சேர்த்தே செலவுக்குக் கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுங்கள். வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சம் 24-ஆம் பிரிவில் வருகிறது. வருமானம் இல்லாத கணவனும் அதில் கேட்கலாம். மனைவியும் குழந்தையும் தனியாகக் கேட்கிற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 ஜூலையிலிருந்து புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயத்தை உறுதிப்படுத்தியது. இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சம், மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. அதனால் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாசமும் குழந்தையின் காசு.

நோட்டீஸ் வாங்குகிற பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுபோகும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். விவாகரத்து நோட்டீஸ் போனதும் அந்தப் பக்கத்திலிருந்து, என்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று 9-ஆம் பிரிவில் ஒரு மனு வருவதும் வழக்கம். போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் விட்டுவிடுவார்களோ என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். அப்படி யாரும் செய்ய முடியாது. ஆனால் பதில் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதல் வாய்தாவுக்குக் காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தேன். பேர் கூப்பிடும்போது கல்யாணப் பேரோடு, கணவர் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு பேரும் ஒன்றாக உரக்கச் சொல்லிக் கேட்டது கல்யாண மண்டபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். எழுந்து நிற்கக் கால் கொஞ்சம் தாமதித்தது. சேர்த்துவைக்க முதலில் முயற்சி செய்வது குடும்ப நல நீதிமன்றத்தின் கடமை, அதனால் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள். அங்கே போய் வாதாடாதீர்கள். நீங்கள் முடிவெடுத்துவிட்டதைச் சத்தம் போடாமல் சொன்னால் போதும்.

கவுன்சிலிங் முடிந்து, ஜூன் கடைசியில் சமரச மையத்தில் உட்கார வைத்தார்கள். கணவர் என் மனுவைப் பிரிண்ட் எடுத்து, அங்கங்கே பேனாவால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்தில் நான், மேடம், மாமா. மூன்று மணி நேரம். மகள் என்னிடம், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவரிடம். கடனை அவர் கட்டுவது. அடகு நகையை மீட்டுத் தருவது. எல்லாம் பேசியாகிவிட்டது. இந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 13-பி போட்டுவிடலாம், ஜூலை முதல் வாரமே தாக்கல் செய்யலாம், ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார்கள். பதினெட்டு மாதத்துக்குள் அந்த இரண்டாவது கையெழுத்தைப் போட வேண்டும், அதுவரை யார் வேண்டுமானாலும் மனசு மாறலாம் என்பதால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவசரம்.

அப்போதுதான் அவர் அந்தத் தாளைத் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார். "2016 ஜூன்ல வீட்டை விட்டுப் போனான்னு இருக்கு. ஜூன் இல்ல, ஜூலை." மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் பேசிவிட்டு ஒரு மாசத்துக்குச் சண்டையா என்று. ஆனால் அந்த ஒரு மாசத்தில்தான் விஷயம் இருந்தது. ஜூன் என்றால் ஒரு வருஷம் முடிந்துவிட்டது, உடனே போடலாம். ஜூலை என்றால் இன்னும் முடியவில்லை. எனக்கு ஜூன்தான் என்று உறுதியாகத் தோன்றியது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் கிளம்பினோம் என்பதுதான் என் மனசில் இருந்த படம்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். அந்தத் தேதிக்கு நேரே வலது பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரசீது வைத்திருந்த பிளாஸ்டிக் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மின்கட்டணம், மருந்துக் கடை, அடகு ரசீது. அவற்றுக்கு நடுவில் நீல நிறத்தில் ஒரு துண்டுச் சீட்டு. ஓசூர்ப் பள்ளியின் வேன் கட்டணம், எல்.கே.ஜி., ஜூன் மாதம். பின்னால் என் கையெழுத்திலேயே, "ஜூலைக்கு 5-ந்தேதி கட்டணும்" என்று இருந்தது.

காலையில் மேடத்துக்குப் போன் செய்து, அவர் சொன்னதுதான் சரி என்றேன். ஒரு நொடி பேசாமல் இருந்தார். "சரி, காத்திருப்போம். மூணு வாரம்தானே" என்றார். ஜூலை 24-ந்தேதி திங்கட்கிழமை தாக்கல் செய்த கூட்டு மனுவில், நான்காவது பத்தியில், 2016 ஜூலை முதல் தனித்தனியாக வாழ்ந்து வருகிறோம் என்று இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு பேருடைய கையெழுத்தும்.